குறிப்புகள் என்ற கட்டம்

ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு என்பார்கள்.
ஏரி அதையெல்லாம் கேட்பதில்லை.
ஈரி ஏரியின் கிழக்கு முனையில்,
கார் நிறுத்தவும் நாயை நடத்தவும் என்றே ஏற்பட்ட
எங்கள் புறநகரில்
நவம்பரில் அது கொட்டத் தொடங்கும்.
ரெனாட்டா அளக்கத் தொடங்குவாள்.

நான் தள்ளுகிறவன்.
நகராட்சியின் பதினான்காம் எண் வண்டி,
முன்னால் பத்தடி இரும்புக் கலப்பை,
தலையில் சுழலும் மஞ்சள் விளக்கு.
இருபத்திரண்டு குளிர்காலம்.
மொத்தம் எத்தனை அங்குலம் தள்ளினாய் என்றால்
எனக்குத் தெரியாது, அவளைக் கேளுங்கள்.

கொல்லையில் வெள்ளையடித்த பலகை ஒன்று,
புதைந்துபோனால் தேட
பக்கத்தில் ஆரஞ்சுக் கொடி கட்டிய குச்சி.
காலை ஏழுக்கு, இரவு உடைமேல் என் பழைய கோட்டு,
காலில் ஜோடி சேராத பூட்ஸ், ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை,
கையில் பள்ளிக்கூட ஸ்கேல்.
அளப்பாள். துடைப்பாள். பலகையைத் திரும்ப வைப்பாள்.
குழாயில் விழுந்ததை அடுப்படிக்குக் கொண்டுவந்து
வெந்நீரை அளந்து ஊற்றி உருக்குவாள்.
பதினோரு அங்குலப் பனி
அரை அங்குலம் தண்ணீர்.
"இவ்வளவுதான்" என்பாள்,
யாரோ பெரிய மனிதரின் குட்டு உடைந்தது போல.

ஒரு தடவை எங்கள் வாசலைத் தள்ளும்போது
கொஞ்சம் வீசியடித்துவிட்டேன்,
வேலி தாண்டி, நேரே பலகைமேல்.
மூன்று நாள் பேச்சில்லை.
நோட்டில், குறிப்புகள் என்ற கட்டத்தில்:
அளவு செல்லாது. காரணம், மனிதன்.

இரண்டு தெரு தள்ளி டுவேன் கெஸ்லரும் அளக்கிறார்.
இவள் நான்கு என்றால் அவர் ஒன்பது.
புளுகு என்றேன். ரெனாட்டா விடவில்லை,
"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வேறு வானம்."
அதுவும் சரிதான்.
தெற்கே ஒருவன் வெயிலில் காரைக் கழுவிக்கொண்டிருப்பான்,
வடக்கே நான்
என் கலப்பையே எனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருப்பேன்.

பூஜ்யம் என்றால் விழவில்லை.
சுவடு என்றால்
விழுந்தது, ஸ்கேலுக்கு எட்டவில்லை.
வெறும் கோடு என்றால் யாரும் பார்க்கவில்லை.
மூன்றையும் குழப்பினால்
அவளுக்குக் கோபம் வரும். வேறு எதற்கும் அதிகம் வராது.

போன நவம்பரில் மேகப் பட்டை ஒன்று
எங்கள்மேல் வந்து உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை.
பத்தொன்பது மணிநேரம் வண்டியில் இருந்தேன்.
அதில் கடைசி ஆறு மணி
எங்கள் தெருமுனைக்கு முக்கால் மைல் இப்பால்,
ஒரு ரொட்டி லாரியின் பின்னால், மூக்குவரை புதைந்து.
லாரிக்காரன் இலவங்கப்பட்டை பன் கொடுத்தான்.
ஆறு தின்றேன்.
வீடு வந்து சேர்ந்ததும் ரெனாட்டா கேட்டது:
"அங்கே எவ்வளவு இருந்தது?"
"கதவுக் கைப்பிடி வரைக்கும்."
"கைப்பிடி ஓர் அளவில்லை" என்று
சூப்பைச் சூடாக்கப் போனாள்.

கார்ஷெட் கூரை இறங்கிய தேதி
காப்பீட்டுக்காரனுக்கு வேண்டுமாம்.
நேற்று அவள் நோட்டைப் புரட்டினேன்.
அந்த இரவு.
அளவு, விதிப்படி, ஆறு மணிக்கு ஒன்று.
குறிப்புகள் மட்டும் மணிக்கு மணி.

11. காற்று தென்மேற்கு. தெருமுனைக் கம்பம் தெரிகிறது.
12. கம்பம் தெரியவில்லை.
1. பலகையில் 9.6 அங்குலம். மஞ்சள் விளக்கு தெரியவில்லை.
2. மஞ்சள் விளக்கு தெரியவில்லை.
3. பனிக்குள் இடி, இரண்டு முறை. மஞ்சள் விளக்கு தெரியவில்லை.
4.
அங்கே வெறும் கோடு.
5. மஞ்சள் விளக்கு.

பேனா அந்த இடத்தில் தாளைக் கொஞ்சம் கிழித்திருந்தது.

"நாலு மணிக்குத் தூங்கிப்போனாயா?" என்றேன்.
ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"இல்லை" என்றாள்.
"பச்சை பூட்ஸின் ஜோடி எங்கே போனதென்று
நீ இதுவரை கேட்டதே இல்லை."