நாற்பத்தோராம் நிமிடம்

தண்டர் பேயில் மைனஸ் இருபத்தெட்டு.
கீழ்த்தள ஆய்வகத்தில்
கண்ணாடித் தொட்டியின் அடியில் மட்டும்
கோடை.

மூன்று விரல்கடை உயரத்துக்கு மணிகள்.
கடுகைவிடப் பொடி,
தண்ணீரைவிட மயிரிழை கனம் கூடுதல்.
அதனால்தான் கிடக்கின்றன,
அதனால் மட்டும்தான்.

இல்க்கா காபி வாங்கப் போய்விட்டான்.
'அசைவில்லை' என்று
எட்டாம் முறையாகக் குறிப்பேட்டில் எழுதுகிறேன்.
பொய்.
இடுக்குகளில் சிக்கிய நீர்
சூடேறிச் சூடேறி இளைக்கிறது,
மணியும் நீருமாய் அடி முழுக்க லேசாகி
மேலே நிற்கும் குளிர்ந்த பாரத்தை
முட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
வெப்பமானிக்குத் தெரியும்.
படுகையின் முகத்தில் ஒன்றுமில்லை.

பிறகு இடது மூலையில் ஒரு புடைப்பு.
பேனாவைத் தேடுவதற்குள்
பிளந்து,
மணிகள் ஒரு தண்டாய் எழுந்து
பாதி வழியில் குளிர்ந்து
குடையாய்க் கவிழ்ந்து
பொலபொலவென்று இறங்குகின்றன.
விழுந்த இடம் பழைய சமதளம் இல்லை. குழி.
குழிக்குள் மறுபடியும் சூடு.

"எந்த மணி முதலில் கிளம்பியது?"
கதவை முதுகால் தள்ளியபடி கேட்கிறான் இல்க்கா.
அப்படி ஒன்று இல்லை.

மதியக் கூட்டத்தில்
மூன்று வருடத்துக்குப் பிறகு வாய் திறந்து
"அந்த வரைபடம் என்னுடையது" என்றேன்.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.
திடீரென்று என்ன ஆயிற்று உனக்கு
என்று கேட்டார்கள், அன்பாகத்தான்.

குறிப்பேட்டில் எழுதியிருந்த
'திடீரென்று' என்பதை அடித்துவிட்டு
நேரத்தை மட்டும் எழுதுகிறேன்.
காபி ஆறிவிட்டிருந்தது.