ஒரு கணு

சோபா வந்து இறங்கிய அன்றே
கோப்பியோ அதை முகர்ந்து பார்த்து
இடது மூலையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டது.

இருபத்து நான்கு மாதத் தவணை.
பகாவ் டவுனில் ஆ செங் கடை ரசீதில்
நான் போட்ட கையெழுத்து காய்வதற்குள்
பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

கருப்பு. கொக்கி போல் மடிந்த வால்.
செம்பனை ஆலையில், எடைமேடைக்கு அடியில் பிறந்தது.
ஒரு நாள் விடியலில் என் மோட்டார் சைக்கிள் கூடையில்
தானே ஏறி உட்கார்ந்து வந்தது.
நான் தூக்கி வந்ததாகக் கோமளா இன்றும் சொல்கிறாள்.

தண்ணீர் தெளிக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு குணபாலன்.
தெளித்தேன்.
நான் இருக்கும்போது மட்டும் கீறுவதை நிறுத்தியது.
நானோ இரவு வேலைக்காரன்.
விடியும்வரை அதற்கு நேரம் இருந்தது.

மிளகாய்த்தூள், மைத்துனனின் யோசனை.
தும்மியது நாங்கள்.

"நகத்தையே எடுத்துவிட்டால் என்ன?"
கேட்டவன் நான்தான்.

கோலப்பிலாவில் டாக்டர் நோராயினி
அதன் முன்பாதத்தை மெல்ல அழுத்தினார்.
ஒளிந்திருந்த நகம் வெளியே வந்தது,
வெங்காயத் தோல் போல் பளபளத்துக்கொண்டு.
"நகம் மட்டும் தனியாக வராது, என்சிக்.
எலும்போடு போகும். கடைசிக் கணு.
பத்து விரலிலும்."
புரியவில்லையோ என்று
பேனாவால் தன் சுட்டுவிரலில் கோடு போட்டுக் காட்டினார்:
இங்கே.

என் வலதுகைச் சுட்டுவிரல்
அங்கேதான் முடிகிறது.

கன்வேயர் வார். பதினோரு வருடம் ஆகிறது.
சொக்சோவில் அளவுகோல் வைத்துப் பார்த்து
ஒரு கணு என்று எழுதி
எதிரே ஒரு தொகையும் எழுதினார்கள்.
சட்டைப் பொத்தான் போடும்போது
இல்லாத நுனி இன்னும் முதலில் போகிறது.
மழை வருமுன் அரிக்கும்.
எதைச் சொறிவது?

டாக்டர் என் கையைப் பார்த்துவிட்டுப்
பேனாவை மூடினார்.
வீடு வரும்வரை காரில்
வானொலி மட்டும் பேசியது.

அந்த ஞாயிறு
மறுநடவுக்குச் சாய்த்திருந்த பால்மரத்தில்
இடுப்பு உயரத்துக்கு ஒரு துண்டு, பட்டையோடு,
கேட்டு வாங்கி வந்தேன்.
பழைய சீவலின் தழும்பு அதில் சாய்வாக ஓடியது.
அடியில் கனத்த பலகை. ஆடக் கூடாது,
ஆடும் மரத்தைப் பூனை நம்பாது.
பாதிக்கு மேல் கயிறு சுற்றி
சோபாவின் அதே மூலைக்கு முன்னால் நிறுத்தினேன்.
கிழிந்த இடத்தில் இருபக்கமும் ஒட்டும் டேப்.
முதலில் ஒட்டியது என் முழங்கை மயிர்.

கோப்பியோ மரத்தைச் சுற்றி வந்தது.
உட்கார்ந்தது.
சோபாவின் வலது மூலையைப் பார்த்தது.

கோமளா ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள்.
கோயிலுக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில்
குப்பைமேனியை வேரோடு பிடுங்கி வந்தாள்.
பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பேர் உண்டு.
வைத்தவர் வீட்டிலும் ஒரு சோபா இருந்திருக்கும்.
வேரை நசுக்கிப் பட்டையில் தேய்த்தாள்.
கோப்பியோ கன்னத்தை வைத்தது, சரிந்தது, புரண்டது,
பிறகு எழுந்து
இரண்டு கையையும் எட்டும் மட்டும் தூக்கி
உடம்பு முழுவதையும் நீட்டி இழுத்தது.
பட்டை உதிர்ந்தது.
பால் வரவில்லை. அதற்கு அது வேண்டியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாதாம்,
பூனைக்கும் சேர்த்துத்தான்.
ஆகவே சனி.
மடியில் போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில்,
உள்ளே ஓடும் சிவப்பைத் தொடாமல்
நுனியை மட்டும்.
என் ஒன்பதரை விரல்களுக்கு
அதன் பத்தும் அடங்குவதில்லை.
ஒரு நாளைக்கு நாலு, கிடைத்தால் ஐந்து.

தவணை இன்னும் பதினேழு பாக்கி.

விடுமுறை நாளில் பின்னிரவு
சரக், சரக்.
துணியா, மரமா?
காது கொடுத்துக் கிடக்கிறேன்.
"மரம்தான், தூங்குங்க" என்கிறாள் கோமளா.

சில இரவுகளில் பொய் சொல்கிறாள்.