ஒரு ராண்டு இருபது

மார்ச் முப்பத்தொன்று.
மாரிட்ஸ்பர்க் சிறை, கணக்குப் பிரிவு, இரண்டாம் மாடி.
என் இரும்புப் பெட்டியில் பணம் கூடுகிறது:
ஒரு ராண்டு இருபது சென்ட்.

குறைந்திருந்தால் பர்ஸிலிருந்து போட்டு மூடியிருக்கலாம்.
அதுவும் குற்றம்தான், ஆனாலும் சிறியது.
கூடினால் என்ன செய்வது?
"குறைஞ்சா திருடி என்பார்கள்,
கூடினா யாரிடம் திருடினாய் என்பார்கள்"
என்றாள் ஜபுலிலே, கோட்டை மாட்டிக்கொண்டு.
அவள் போய்விட்டாள்.

பதினான்கு வருடம். கம்பிகளுக்கு அந்தப்புறம்
ஒருநாளும் போனதில்லை.
எனக்குத் தெரிந்த கைதி என்பவன்
ஓர் எண், ஒரு கையெழுத்து, ஒரு மீதித்தொகை.
எந்த அம்மா மாதம் ஐம்பது ராண்டு அனுப்புகிறாள்,
எந்த அம்மா எந்த மாதத்தோடு நிறுத்திக்கொண்டாள்
என்பதெல்லாம் பாதிரியாருக்குத் தெரியாது,
எனக்குத் தெரியும்.
ஆயுள்தண்டனைக்காரன் வாங்குவது க்ரீம் பிஸ்கட்.
காசோலையில் கைவைத்தவனின் கையெழுத்து
பத்து வருடமாக ஒரே அச்சு.
எழுதத் தெரியாத ஒருவன்
கட்டத்துக்கு வெளியே பெருவிரலை ஒற்றிவிட்டு
மன்னிப்புக் கேட்டானாம். காவலர் வந்து சொன்னார்.
அந்த ரேகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நீலச் சுழி, நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு.

மணி ஏழு. தீமிதி விரதம்,
காலையிலிருந்து தேநீரும் இரண்டு வாழைப்பழமும்.
வாசலில் சோதனை போடுகிறவள்
என் மணிக்கட்டு மஞ்சள் கயிற்றைத் தினமும்
விரலால் நிமிண்டிப் பார்ப்பாள்,
உள்ளே எதையாவது சுருட்டி வைத்திருப்பேனோ என்று.
போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை.
இந்தக் கட்டடத்தில் நம்பப்படுகிறவர் யாரும் இல்லை,
அதில் ஒரு சமத்துவம்.

ரசீதுகளைக் கட்டவிழ்த்தேன்.
இங்கிலீஷில் வேலை, ஜூலுவில் சண்டை,
கூட்டும்போது மட்டும் வாய்க்குள் எப்படியோ தமிழ்:
எட்டும் ஏழும் பதினஞ்சு, அஞ்சு போட்டு மீதி ஒண்ணு.
ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து
ஜபுலிலே அப்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொள்வாள்.

மார்ச் பதினொன்று.
மகாத்தினி. செப்புக் கம்பித் திருட்டு. விடுதலை.
மீதி எண்பத்தாறு ராண்டு இருபது.

நினைவு வந்துவிட்டது. அன்று சில்லறை இல்லை.
எண்பத்தைந்தை எண்ணி வைத்து, இரு என்றேன்.
சொந்தச் சட்டையில் இருந்தான்,
மடிப்புகள் மடித்த இடத்திலேயே மக்கிப்போன சட்டை.
"நீயே வைத்துக்கொள் சிசி, டாக்சி போய்விடும்."
முழுத்தொகைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஓடினான்.

நான் எப்படி வைத்துக்கொள்வது?
அரசாங்கம் அன்பளிப்பு வாங்காது.
'உரியவர் பெறாதது' என்று தனிப்பக்கம் திறந்து,
கோப்பில் இருந்த விலாசத்துக்குக் கடிதம் அடித்தேன்:
நொங்கோமா, கடைக்குப் பின்னால், நீலக் கதவு.
தங்களுக்குச் சேரவேண்டிய ரூ என்று அடித்து,
அழித்து, ராண்டு ஒன்று சென்ட் இருபதை
நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.
தபால்தலை அதைவிட அதிகம்.
அதற்கு வேறொரு வவுச்சர்.

தணிக்கைக்காரர்கள் வந்தார்கள், தலையாட்டினார்கள்,
என் தேநீரைக் குடித்தார்கள். தீ மிதித்தேன்.
கொப்புளம் இல்லை, இடது குதிகாலில் மட்டும் ஒன்று.

ஜூன். ஜன்னலில் பனிமூட்டம்.
புதிய வரவுப் பட்டியல் மேசைக்கு வந்தது.
எண் புதிது. பெயர் மகாத்தினி. மறுபடியும் கம்பி.

உடைமைகள்:
பெல்ட் ஒன்று.
சாவி ஒன்று, எதனுடையது என்று தெரியாது என்கிறான்.
சிறைத்துறை உறை ஒன்று, பிரிக்கப்படாதது.
பணம்: இல்லை.

'இல்லை'யின் மேல் ஒரு கோடு கிழித்து,
பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு எழுதினேன்:
தொடக்க இருப்பு, ஒரு ராண்டு இருபது.

கணக்கு நேரானது.
பேனா மூடியைக் காணவில்லை.
மேசைக்கடியில் குனிந்து
தேடிக்கொண்டே இருந்தேன்.