இழுப்பறை

முதல் தெரபிஸ்டிடம்
ஐம்பது நிமிடத்தில் நாற்பது
நான் பாடம் நடத்தினேன்.
சபாத் என்றால் என்ன,
வெள்ளி அந்தி தொடங்கிச் சனி இருட்டும்வரை
விளக்குப் பொத்தானைக்கூட ஏன் தொடமாட்டோம்,
பாக்தாத்தில் யூதர்கள் இருந்தார்களா என்ன.
இருந்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம்.
பாடம் நடத்தியவளே கட்டணமும் கட்டினேன்.

அம்மா எமிலைக் கூப்பிடும் சொல்லைக் கேட்டாள் ஜெனவீவ்.
அப்தாலக்.
உனக்கு வருவது எனக்கு வரட்டும்,
உன் சாவை நான் சாகிறேன் என்று பெயர்த்தேன்.
பேனா நின்றது.
"அம்மா சாவைப் பற்றி அடிக்கடிப் பேசுவாரா?"
சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டாமவர் யூதர்.
பெயர்ப்பலகையைப் பார்த்தே பாதி குணமானேன்.
லெர்னர், போலந்து வழி.
"நம்மவர்கள்" என்று ஆரம்பித்தார்.
அந்த நம்முக்குள்
பம்பாயிலிருந்து பஸ்ராவுக்குக் கப்பலேறிய
எங்கள் மாங்காய் ஊறுகாய் இல்லை,
சனி விடியலில் கோழிச்சட்டியின் மேல்
பழுப்பேறிய முட்டை இல்லை,
அரபியில் அழும் வீடு இல்லை.
நடந்ததைச் சொன்னதும் சட்டம் சொன்னார்:
உயிர் போகும் அவசரமென்றால்
சபாத்தை மீறலாமே, மீறியே ஆகவேண்டுமே,
தெரியாதா உங்களுக்கு?
தெரியும்.
போவது உயிர் என்று
போன் சொல்லுமா?

மூன்றாவது, வயலெட் கதூரி.
முதல் அழைப்பிலேயே சொல்லிவிட்டாள்:
"என் சித்தியும் உங்கள் அம்மாவும்
செவ்வாய்தோறும் ஒரே சீட்டு மேசை.
சங்கடமென்றால் வேறொருவர் பெயர் தருகிறேன்."
வேறொருவர் இருக்கிறாரா இந்த மாண்ட்ரியலில்?
"இல்லை."

பல் கட்டும் கூடத்துக்கு மேல்மாடி.
வாசலில் தட்டு, தட்டில் பூட்ஸ்,
பூட்ஸிலிருந்து உருகி ஓடும் பனி.
கீழே யாருடைய பல்லையோ
இயந்திரம் ராவிக்கொண்டிருந்தது.

அன்று வெள்ளி.
மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று.
என் போன் கரண்டி இழுப்பறையில்.
தம்பி அழைத்தான்.
சபாத்தை அவன் விட்டுப் பதினாறு வருஷம்.
நான் எடுக்கமாட்டேன் என்பது
அவனைவிட யாருக்குத் தெரியும்?
மறுநாள் காலை கதவைத் தட்டிய போலீஸ்காரிக்கு
பிரெஞ்சு மட்டும்தான் வந்தது.

நிறுத்தினேன்.
ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள்.
ஒன்றரை வருஷமாய்ப் பதில் வைத்திருக்கிறேன்,
இஸ்திரி போட்டு, மடித்து.

வயலெட் கேட்டாள்:
"எத்தனை முறை அதிர்ந்தது?"

அந்த மேசையில் உட்கார்ந்தவளுக்கே வரும் கேள்வி.
போன் அதிரும்போது அங்கே யாரும் நிமிரமாட்டார்கள்.
மெல்வது மட்டும் நிற்கும்.
கணவர் பாட்டைக் கொஞ்சம் உரக்கப் பாடுவார்.
எல்லோரும் எண்ணுவார்கள்.

பதினொன்று.
நாலாவதில் குரல்பெட்டி வாங்கிக்கொள்ளும்,
எனவே முதலில் நாலு.
பிறகு நாலு.
கரண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
பிறகு மூன்று.

மூன்றோடு அவனே வைத்துவிட்டான்.

இதை யாருக்கும் சொன்னதில்லை:
சின்ன வயதில் சபாத்தில் போன் அடித்தால்
மேசைக்கடியில் விரல் மடக்குவோம் நானும் அவனும்.
இரட்டைப்படை எனக்கு,
ஒற்றைப்படை அவனுக்கு.
பந்தயம் கடைசிப் பேரீச்சம்பழம்.

"பதினொன்று யாருக்கு?"

அவனுக்கு.

குழியருகே அம்மா மறுபடி அந்தச் சொல்லைச் சொன்னாள் என்றேன்.
வயலெட் அர்த்தம் கேட்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
அதில் அழுக்கு இல்லை.

ஈர பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடி
அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்றேன்.
"உங்கள் அம்மாவா," என்றாள்,
"யார் அவர்?"