இருபத்தாறு கிலோ

டிசைன் மேனேஜ்மெண்ட் படிக்கிறேன் என்றதும்
புதுவயல் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
"சேலை டிசைனா, வீட்டு டிசைனா?" என்றார்.
அரிசி மூட்டை என்றேன்.
கண்டனூர் தாண்டும்வரை அவர்
ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதுகலை, இரண்டாம் வருடம், எட்டு வார வேலை.
தேனாட்சி மாடர்ன் ரைஸ் மில்லின் மூட்டைக்கு
புது முகம் செய்து தரவேண்டும்.
அவித்த நெல்லின் வாடை ஏறிய மடிக்கணினி.
விசைகளுக்கு அடியில் உமிச்சாம்பல்.

முதல் வாரம் சுவர் முழுக்கச் சீட்டு ஒட்டினேன்.
மஞ்சளில் முதலாளி, பச்சையில் கடைக்காரர்,
ரோஸ் நிறத்தில் வீட்டில் உலை வைப்பவர்.
மின்விசிறியைப் போட்டதும்
வாடிக்கையாளர் அத்தனை பேரும் பறந்துபோய்
தவிட்டில் விழுந்தார்கள்.

பழைய மூட்டையில்
இரண்டு மயில், நடுவில் தாமரை,
தாமரைமேல் ஒரு குழந்தை,
குழந்தை கையில்
எதற்கென்று மில்லில் யாருக்கும் தெரியாத ஓர் ஆப்பிள்.
எல்லாவற்றையும் எடுத்தேன்.
வெள்ளைப் பரப்பு. ஒற்றை அரிசி. பளபளக்கும் மேற்பூச்சு.
தையல் பிரிவுக்குத் தனியாக ஒரு குறிப்பு:
மூலையில் துருத்தும் காதுகள் வேண்டாம், ஓரம் நேராக இருக்கட்டும்.

அறந்தாங்கிக் கடையில் ஒருவர்
"ஆப்பிள்பிள்ளை அரிசி இல்லையா?" என்று கேட்டுவிட்டு
வேறு மூட்டையோடு போனார்.
அதைக் குறித்துக்கொண்டேன்.
ஒரே ஒருவர்தானே என்றும் பக்கத்தில் எழுதினேன்.

சோதனைக்கு இருநூறு மூட்டை.
பாலக்காட்டு லாரி பின்வாங்கி நின்றது.
வெள்ளைக்கண்ணுவுக்கு என் வயதுதான் இருக்கும்.
குனிந்து மூலையைத் தேடினான்.
அடுத்த மூலை.
அதற்கடுத்தது.
நான்கிலும் பிடி இல்லை.
அணைத்துத் தூக்கி முதுகில் ஏற்றி
அதன்மேல் இன்னொன்றை வாங்கினான்.
மேல்மூட்டை வழுக்கியது.
சத்தம் பெரிதாக இல்லை.
என் ஒற்றை அரிசி நடுவில் கிழிந்து
நிஜ அரிசி தரையில் ஓடியது.

"காதை எவன் வெட்டுனான்?"

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
(இதை அறிக்கையில் எழுதவில்லை.
இங்கே எழுதுகிறேன்.)

அள்ள உதவினேன். முறத்தைப் பிடிக்கத் தெரியவில்லை.
ஏதாவது பேசவேண்டுமே என்று
ஏன் இருபத்தாறு கிலோ, அது என்ன கணக்கு என்று கேட்டேன்.
"இருபத்தஞ்சு வரைக்கும் வரியாம்.
ஒரு கிலோ கூட்டினா கிடையாதாம்.
ஆபீஸ்ல கேளுங்க."
முறத்தைத் தட்டினான்.
"கூலி மூட்டைக்குத்தான்.
மூட்டை ஒண்ணுதானே."

சுவருக்குத் திரும்பிப் போனேன்.
அவனுக்கு நான் நிறமே ஒதுக்கவில்லை.
மூன்று நிறத்துக்கு மேல் வாங்கியிருக்கவும் இல்லை.

எட்டாம் வாரம் கூட்டத்தில்
மெய்யப்பன் சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
காது வரட்டும். பளபளப்பு போகட்டும்.
ஆப்பிளைச் சின்னதாகப் போட்டுக்கலாம்.
கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்:
லாரிக்கு அறுநூற்று நாற்பது மூட்டை,
ஏற்றுவது ஆறு பேர்,
கூலியில்லாத கிலோ ஆளுக்கு நூற்றுக்கு மேல்.
காபி வந்தது.
"கணக்கு சரிதான்மா" என்றார்.
"ஆனா இது டிசைன் இல்லையே."

வகுப்பில் முதல் நாள் பலகையில் எழுதிப்போட்டிருந்தார்கள்:
யாரோ எடுத்த முடிவு எல்லாமே டிசைன்.
அதைத் தமிழில் சொல்லிப்பார்த்தேன்,
எனக்குள், காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு.
அந்த அறையில் அது
சம்பளம் கேட்கிற மாதிரி ஒலித்தது.
வாயைத் திறக்கவில்லை.

பேருந்துக்கு நிற்கிறேன்.
வழிகாட்டிக்கு நாளைக்குள் அனுப்பவேண்டும்.
நாற்பத்தோராம் பக்கத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது.
எடுக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன்.
அதற்கு இன்னும் தலைப்பு வைக்கவில்லை.
மில் வாசலில் அடுத்த லாரி.
காதுள்ள பழைய மூட்டைகள்,
மயில் தலைகீழாக,
ஏறிக்கொண்டிருக்கின்றன.