எடுத்த இடம்

களியக்காவிளை எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
வண்டிக்கு ஒரு சீட்டு:
கல்லின் வகை, எடை, எடுத்த இடம், போகும் இடம்.
போகும் இடம் எப்போதும் அந்தப் பக்கம்தான்.
நாற்பது டன் மலை
காற்றுப் பிரேக்கில் ஏப்பம் விட்டு
பாறசாலை விளக்குகளைப் பார்த்து நகரும்.

இரண்டு மணிக்கு கிளீட்டஸ் வந்தான்.
ஐம்பத்திரண்டு நாள் கடலில் கிடந்த தம்பி,
தாடியில் உப்பு, தோளில் சிமெண்ட் சாக்கு.
'இதையும் போடு பாப்போம்.'

போட்டேன். திரையில் சுழி.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.

கறுப்புக் கல்.
ஒரு பக்கம் கரியேறிய சட்டியின் அடி,
இன்னொரு பக்கம் உடைந்த பாட்டிலின் பளபளப்பு.
உடம்பெல்லாம் சிறு துளைகள்,
கொதித்த ஏதோ ஒன்று
மூச்சு விட்டு முடிப்பதற்குள் இறுகிப்போயிருக்கிறது.

மாலத்தீவும் தாண்டி மேற்கே, இன்னும் மேற்கே,
ஒரு கடல்மலையில் தூண்டில் மாட்டியதாம்.
சுறா என்று ஆறு பேர் இழுத்தார்களாம்.
வசவோடு திரும்பக் கடலுக்குப் போக இருந்ததை
இவன் வீல்ஹவுசில் வைத்தான்,
கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க.

அன்று ராத்திரி காம்பஸும் ஜிபிஎஸும் பிணங்கின.
ஸ்ராங்கு வருவேல் கண்ணாடியைத் தட்டினார்,
பேட்டரியைத் திட்டினார், மாதாவைக் கூப்பிட்டார்.
யாரோ காலால் கல்லை நகர்த்தியதும்
முள் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி நின்றது.

நாகர்கோவிலில் நான் எழுதாமல் விட்ட ஒரே தாள் அது.
கடலடியில் தரை கிழிந்துகொண்டே இருக்கிறது.
கிழிசலில் குழம்பு ஏறும், குளிரும்,
அடுத்த குழம்புக்கு வழிவிட்டு
இரு பக்கமும் ஒதுங்கும்,
ஆண்டுக்கு ஒரு தீப்பெட்டியின் அகலம்.
குளிரும் நேரத்தில்
அன்றைய வடக்கை உள்ளே பூட்டிக்கொள்ளும்.
அதன்பிறகு வடக்கு எத்தனை முறை தெற்கானாலும்
அந்தக் கல் திறந்து பார்ப்பதில்லை.

அதுவும் எல்லைதான்.
அங்கே கம்பு தூக்க ஆள் இல்லை, பாஸ் கேட்க ஆள் இல்லை.
இங்கே லாரியில் போகிற பாறைக்கு
மடகாஸ்கரில் கூடப்பிறந்தது உண்டு.
நடுவில் புகுந்து பிரித்தவற்றில்
இந்தக் கறுப்பின் சொந்தங்களும் இருக்கும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
நீரோடியில் எங்கள் சமையலறை வரைக்கும்
கடல் வந்துவிட்ட வருஷம் இது,
கல்லெல்லாம் வடக்கே போகிறது.

'இதுக்கு என்ன கிட்டும்?'
'ஒண்ணும் கிட்டாது.'
'பொறவு எதுக்கு இந்த இழுப்பு இழுக்குது?'

கல்லை மேசையில் வைத்தேன், என் போனுக்குப் பக்கத்தில்.
வரைபடம் தலைசுற்றி
எட்டுப் போடு என்றது திரை.
வெளியே அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.
ஒரு கையால் காற்றில் எட்டுப் போட்டுக்கொண்டே
மறு கையால் சீட்டு எழுதினேன்.
வகை: எரிமலைக்கல். எடை: தெரியவில்லை.
எடுத்த இடம் என்ற கட்டத்தில்
பேனா நின்ற இடத்தில் மை ஊறிக்கொண்டிருந்தது.