பத்து மணிக்கு மேல்

விளம்பரத்தில் எழுதியது இவ்வளவுதான்:
வெள்ளாட்டு ரோமக் கிடங்கு, உலான்பாத்தர் மேற்கு.
இரவுப் பாதுகாப்பு அதிகாரி தேவை.
குளிர் தாங்க வேண்டும். குடிக்கக் கூடாது.

பதினோரு பேர் வந்தார்கள்.
ரோமத்தை எடை போடத் தெரியும் எனக்கு,
ஆளை எடை போட வராது.
முதலாமவர் மல்யுத்தக்காரர்,
காது இரண்டும் பிசகிய கொழுக்கட்டை.
நாற்காலி அவருக்குப் போதவில்லை.
இன்னொருவன் கேமரா விலைப்பட்டியலோடு வந்தான்.
பதினாறு கண், மாதத் தவணை.
தன் பெயரைச் சொல்ல மறந்து
விலையைச் சொல்லிவிட்டுப் போனான்.
ஒருவர் வாயில் புதினா மிட்டாய்,
மிட்டாய்க்குப் பின்னால் வோட்கா.
மற்றவர்கள் நினைவில்லை.

இருட்டிய பிறகு பக்மா வந்தாள்.
சரக்கு ரயிலில் பத்தொன்பது வருஷம்
வேகன்களின் ஈய முத்திரை பார்த்தவள்.
கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
எல்லோரிடமும் கேட்டதையே கேட்டேன்:
"திருடன் வந்தால் என்ன செய்வாய்?"

"வந்தானா?" என்றாள்.

சொன்னேன். இங்கே தராசில் சரியாக நிற்கும் மூட்டை
வாங்குபவரிடம் போய் இரண்டு கிலோ இளைக்கிறது.
பூட்டு உடையவில்லை.
பின்சுவரோரப் பனியில் காலடி இல்லை.

"கிடங்கைப் பார்க்கலாமா?"

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகை தெருவிளக்கின் கழுத்துவரை ஏறியிருந்தது.
உள்ளேயும் அடுப்பு கிடையாது.
மூட்டைகளுக்கு நடுவே அவள் நடந்தது
நின்றுவிட்ட ரயிலின் ஓரமாக நடப்பதுபோல,
இடக்கை ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு.
ஏழாவது வரிசையில் நின்றாள்.
அப்போதுதான் கையுறையைக் கழற்றினாள்.
முழங்கைவரை உள்ளே விட்டு
ஒரு பிடி எடுத்து மூடிக்கொண்டு
என் முகத்தையே பார்த்து நின்றாள்.
எங்கள் இருவர் மூச்சும் வெள்ளையாக வந்து வந்து போயிற்று.
விரித்தபோது
உள்ளங்கை நனைந்திருந்தது.

"தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்,
எடுத்த எடைக்கு ஈடாக."
பிறகு கோட்டில் கையைத் துடைத்தபடி,
"சுவரேறி வருகிறவன்
தராசைப் பற்றி இவ்வளவு கவலைப்பட மாட்டான்."

தராசு யார் பொறுப்பு என்று அவள் கேட்கவில்லை.
தராசுக்கு மேலே ஆணியில் தொங்கும் தொப்பி
யாருடையது என்றும் கேட்கவில்லை.
நரித்தோல் தொப்பி. நான் வாங்கிக் கொடுத்தது,
தம்பி ஜம்யானுக்கு,
அவன் பிறந்த குரங்கு வருஷம் மறுபடி வந்தபோது.

எனக்குத் தெரியாதா?
தெரியாமல் இருக்கத்தான்
சம்பளத்துக்கு ஓர் ஆள் தேடினேன்.
வாசலில் ஒருவர் நின்றால்
திருட்டு வெளியிலிருந்து வருகிறது என்று
சூப் குடித்துக்கொண்டே பேசலாம்.

"பூட்டை மாற்றினால் போதும்," என்றாள் பக்மா.
"எனக்குத் தரும் ஒரு மாதச் சம்பளத்தில்
இருபது பூட்டு வாங்கலாம்."
வேலை கேட்டு வந்தவள் பேசுகிற பேச்சா?
"இன்றிரவே நில்," என்றேன்.

ஒரு தாள் கேட்டாள். ரயில்வே வழக்கமாம்.
பத்து மணிக்கு மேல் உள்ளே வரக்கூடியவர்கள் பெயர்,
என் கையால், என் கையொப்பத்தோடு.
தாளில் இல்லாதவர் யாரானாலும்
வெளியே. விடியும்வரை.

என் பெயரை எழுதினேன்.
கணக்கெழுதும் ஒதொன் அக்காவின் பெயரை எழுதினேன்.
மை உறைந்து பேனா நின்றது.
ஊதினேன், கக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன்,
தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன்.
நன்றாகவே எழுதியது.

மூன்றாவது வரியை விட்டுவிட்டு
நான்காவதில் கையொப்பமிட்டேன்.
பக்மா அந்த வெற்று வரியில் பெருவிரலை வைத்து
தாளைச் சரியாக அங்கேயே மடித்தாள்.

வெளிக்கதவில் யாரோ பூட்ஸ் பனியை உதறும் சத்தம்.
வலது காலில் இரண்டு முறை, இடது காலில் ஒன்று.
தொப்பியை மறந்துவிட்டுப் போனவன்.
மணி பத்தாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.